பழப்பெட்டி லேபிள்களைப் பார்க்கவும் சேகரிக்கவும் தொடங்குவோருக்கு

1880-களிலிருந்து 1950-களின் நடுப்பகுதி வரை கலிஃபோர்னியாவில் ரயிலேறிய ஆரஞ்சு, எலுமிச்சை மரப்பெட்டிகளின் குறுகிய பக்கத்தில் ஒரு வண்ண லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். ஆரஞ்சுப் பெட்டிக்குரிய லேபிள் ஏறத்தாழ 10 அங்குலத்துக்கு 11 அங்குலம் இருக்கும். பனி மூடிய மலை, அதன் அடிவாரத்தில் பச்சைத் தோப்பு, பூச்சூடிய பெண், துள்ளும் குதிரை, ஒரு பறவை என ஏதோவொரு படமும், பழத்தின் வணிகப் பெயரும், பழத்தைக் கட்டி அனுப்பிய சங்கத்தின் ஊரும் அதில் இடம்பெறும். பெட்டி காலியானதும் விறகோடு விறகாகப் போயிருக்க வேண்டிய இந்தக் காகிதங்களை இன்று நூலகங்கள் பாதுகாக்கின்றன, சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் படத்தின் அழகில் மயங்கி முதலில் வாங்கிவிட்டு, பிறகுதான் அது எந்தக் காலத்தது, அசல்தானா என்று விசாரிக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. லேபிள் யார் கண்ணில் படுவதற்காக அச்சிடப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொண்டால், படமும் எழுத்தும் வண்ணமும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாகவே புரியத் தொடங்கும்.

முதல் படி: லேபிள் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று அறிதல்

வில்லியம் வுல்ஃப்ஸ்கில் 1841-இல் லாஸ் ஏஞ்சலிஸில் விற்பனைக்கென்றே ஆரஞ்சுத் தோப்பு வைத்தார். ஆனால் பழத்தை வாங்கக்கூடிய பெருங்கூட்டம் கண்டத்தின் மறுகோடியில், நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் இருந்தது. சதர்ன் பசிஃபிக் ரயில்பாதை 1876-இல் லாஸ் ஏஞ்சலிஸை எட்டிய மறு ஆண்டே அவருடைய குடும்பத் தோப்பிலிருந்து ஒரு ரயில்பெட்டி நிறைய ஆரஞ்சு செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனது. இதற்கிடையில் 1873-இல் ரிவர்சைடு ஊரில் எலைஸா டிபெட்ஸ் நட்ட, பிரேசிலின் பாஹியாவை மூலமாகக் கொண்ட விதையற்ற நேவல் ஆரஞ்சுக் கன்றுகள் தென் கலிஃபோர்னியாவின் வேளாண்மையையே மாற்றிவிட்டன. பனிக்கட்டி நிரப்பிய குளிர்ப்பெட்டிகள் ரயில்களில் இணைக்கப்பட்ட பிறகு பழம் ஆயிரக்கணக்கான மைல்கள் அழுகாமல் பயணம் செய்தது.

கிழக்கு நகரங்களில் இறங்கிய பழத்தில் பெரும்பகுதி ஏலத்தில் விற்கப்பட்டது. மொத்த வியாபாரிகள் அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவே நடந்து, மாதிரிப் பெட்டிகளைத் திறந்து பார்த்து, பிறகு விலை கேட்டார்கள். லேபிள் முதன்மையாக அந்த வியாபாரியின் கண்ணைப் பிடிப்பதற்காக அச்சிடப்பட்டது. நூறு பெட்டிகள் ஒரே மாதிரி வெள்ளை மரத்தில் நிற்கும் இடத்தில், சென்ற முறை நல்ல பழம் தந்த தோப்பு எது என்று அவர் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுகொள்ள வேண்டும். அவர்களில் பலர் வெவ்வேறு நாடுகளிலிருந்து குடியேறி வந்தவர்கள் என்பதால், ஆங்கிலம் சரளமாகப் படிக்காதவரும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு படம் தேவைப்பட்டது. பூனை, வாத்து, விமானம், கழுகு போன்ற எளிய அடையாளங்கள் இவ்வளவு மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் படி: காசு செலவழிக்காமல் ஏராளமாகப் பார்த்தல்

கலிஃபோர்னியாவின் சான் மரினோவில் உள்ள ஹண்டிங்டன் நூலகம் இதற்குச் சிறந்த இடம். சிலிக்கான் பள்ளத்தாக்கின் தொடக்க கால நிறுவனமான ஃபேர்சைல்டு செமிகண்டக்டரை உருவாக்கிய எண்மரில் ஒருவரான ஜே லாஸ்ட், தாம் பல்லாண்டுகள் திரட்டிய வண்ண லித்தோ (கல்லச்சு) படங்களை அந்த நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். பழப்பெட்டி லேபிள்களும் அவற்றில் அடங்கும். அந்த நூலகத்தின் இணையத் தொகுப்பில் பல லேபிள்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பொமோனா நகர நூலகத்தின் லேபிள் தொகுப்பும் பார்க்க வேண்டியது. அந்த வட்டாரமே ஆரஞ்சுத் தோப்புகளால் வாழ்ந்தது என்பதால், ஓர் ஊரைச் சுற்றியிருந்த, பழத்தைப் பெட்டியில் கட்டும் கூடங்களின் லேபிள்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும்.

பார்க்கும்போது ஒரே வணிகப் பெயரின் பல பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் வடிவமோ பின்னணி நிறமோ மூலையில் உள்ள முத்திரையோ மாறியிருக்கும். இந்த மாற்றங்களே பிற்பாடு காலத்தைக் கணிக்கக் கைகொடுக்கும். அழகானவற்றை மட்டும் தேர்ந்து பார்ப்பதை இந்தக் கட்டத்தில் தவிர்க்க வேண்டும். சாதாரணமான லேபிள்களை நிறையப் பார்த்த கண்ணுக்குத்தான் அபூர்வமானது எது என்று தெரியும்.

மூன்றாம் படி: எழுத்துகளைப் படித்தல்

புதியவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு எழுத்தை விட்டுவிடுவது வழக்கம். ஆனால் உறுதியான செய்திகள் எழுத்தில்தான் இருக்கின்றன. முதலில் ஊரின் பெயரையும் மாவட்டத்தின் பெயரையும் பாருங்கள். அடுத்து, பழத்தைக் கட்டிய கூடத்தின் அல்லது சங்கத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் கூட்டுறவின் முத்திரையைத் தேடுங்கள். தென் கலிஃபோர்னியா விவசாயிகள் இடைத்தரகர்களிடமிருந்து தப்பிக்க 1893-இல் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். அது 1905-இல் கலிஃபோர்னியா ஃப்ரூட் குரோயர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரைப் பெற்றது. அதன் முதல்தரப் பழத்துக்குரிய சன்கிஸ்ட் என்னும் வணிகப் பெயர் 1908-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது. 1952-இல் அமைப்பே சன்கிஸ்ட் குரோயர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆகவே லேபிளில் சன்கிஸ்ட் என்ற சொல் இருந்தால் அது 1908-க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. எக்ஸ்சேஞ்ச் என்ற பழைய பெயர் இருந்தால் பெரும்பாலும் 1952-க்கு முன் வடிவமைக்கப்பட்டது என்று கொள்ளலாம். மூலையில் மெல்லிய தாளில் பாதி சுற்றிய பழத்தின் படமும் சன்கிஸ்ட் பெயரும் காணப்பட்டால், பழங்களைப் பெயர் அச்சிட்ட தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி அடுக்கிய வழக்கத்தை அது காட்டுகிறது. இந்த முத்திரையைப் பழைய லேபிள் இருப்பின்மேல் பின்னர் தனியாக அச்சேற்றியதும் உண்டு. அப்போது முத்திரையின் மை மற்ற மைகளுக்கு மேலே ஏறி நிற்பது லென்ஸில் தெரியும்.

தரமும் லேபிளில் பேசும். ஒரே கூடம் முதல்தரத்துக்கு ஒரு பெயரும் இரண்டாம் தரத்துக்கு வேறு பெயரும் வைத்திருக்கும். சன்கிஸ்ட் அமைப்பில் இரண்டாம் தரத்துக்கு ரெட் பால் என்ற பெயர் இருந்தது. பல கூடங்கள் முதல்தரத்துக்கு நீலப் பின்னணியையும் அடுத்த தரத்துக்குச் சிவப்புப் பின்னணியையும் பயன்படுத்தின. வாஷிங்டன் மாநிலத்தின் வெனாச்சி, யாக்கிமா வட்டார ஆப்பிள் லேபிள்களிலும் இந்த வண்ண வழக்கத்தைப் பரவலாகக் காணலாம். ஒரே படம் நீலத்திலும் சிவப்பிலும் கிடைப்பதைப் பார்த்து ஒன்று போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

கடைசியாக, ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரைத் தேடுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஷ்மிட் லித்தோகிராஃப், லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்டர்ன் லித்தோகிராஃப் ஆகிய இரண்டும் மிகுதியாகக் கண்ணில் படும். ஜெர்மனியிலிருந்து குடியேறிய மாக்ஸ் ஷ்மிட் தொடங்கிய அச்சகத்தின் மணிக்கூண்டு, சான் ஃபிரான்சிஸ்கோவின் பே பாலத்தை ஒட்டி இன்றும் நிற்கிறது. 1906-ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் நகரின் அச்சகங்கள் அழிந்தபோது அச்சுக்கற்களும் மூலப் படங்களும் போய்விட்டன. அதற்கு முற்பட்ட லேபிள்கள் அரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான்காம் படி: படத்தைப் படித்தல்

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தப் படியில்தான். லேபிள் படங்களை மூன்று காலங்களாகப் பிரித்துக்கொண்டால் தொடக்கத்தில் குழப்பம் குறையும். 1880-களிலிருந்து ஏறத்தாழ 1920 வரை இயற்கைக் காட்சிகளே மேலோங்கின. தோப்பு, மலை, பழைய ஸ்பானிய மிஷன் கோயில், பாப்பி மலர், பழக்கொத்து ஆகியவை நுணுக்கமாக, ஓர் ஓவியத்தைச் சட்டமிட்டு மாட்டியதுபோல் வரையப்பட்டன. 1920-இலிருந்து 1930-களின் நடுப்பகுதி வரை விளம்பர நோக்கு வலுத்தது. பழத்தைக் கையில் ஏந்திய பெண்ணும், சாறு பருகும் குழந்தையும், உடல்நலத்தைச் சொல்லும் படங்களும் மிகுந்தன. அதன்பின் 1950-கள் வரை வடிவமைப்பு இறுகியது. பெரிய சாய்வெழுத்து, நிழல் விழுந்த தடித்த எழுத்து, ஒரே பின்னணி நிறம், நடுவில் ஒரே ஓர் உருவம் என்று குறைத்துக்கொண்டார்கள். ஏலக் கூடத்தில் தூரத்திலிருந்து பார்க்கும் வியாபாரிக்கு எது எடுபடும் என்பதை அரை நூற்றாண்டு அனுபவம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. இந்த எல்லைகள் கறாரானவை அல்ல. 1910-இல் வரைந்த படத்தை 1940 வரை மாற்றாமல் அச்சிட்ட கூடங்களும் இருந்தன. வாங்குபவர் பழகிய அடையாளத்தைக் கலைக்க யாருக்கும் மனம் வராது.

சில உதாரணங்களை அருகில் வைத்துப் பார்ப்போம். பிளசென்ஷியா ஊரின் கலிடோனியா லேபிளில் ஆரஞ்சுத் தோப்போ மலையோ இல்லை. ஸ்காட்லாந்து மக்களின் கட்டம் போட்ட துணிமேல் அவர்களுடைய தேசிய மலரான முட்பூ வைக்கப்பட்டிருக்கும். பழத்தின் நிறத்துக்கும் அந்தத் துணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அடுக்கப்பட்ட பெட்டிகளுக்கு நடுவே கட்டங்கள் நிறைந்த அந்தத் துணி தனித்துத் தெரியும். வென்ச்சுரா மாவட்டத்து ஃபில்மோர் ஊரின் ஏர்ஷிப் லேபிளில் பரவலாகக் கிடைக்கும் பதிப்பு பல எஞ்சின்கள் கொண்ட விமானத்தைக் காட்டுகிறது. வானூர்தி புதுமையாக இருந்த காலத்தில் அந்தப் புதுமையின் பளபளப்பு எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் இரவலாக வந்தது. ரெட்லாண்ட்ஸ் ஊரின் பிராங்கோ, துள்ளும் குதிரைமேல் இருக்கும் மாடுமேய்ப்பவனைக் காட்டுகிறது. ஓரோசி ஊரின் டாம் கேட் எலுமிச்சை லேபிளில் ஒரு கொழுத்த பூனை வியாபாரியை நேருக்கு நேர் பார்க்கிறது. இவற்றை எதிரெதிரே வைத்துப் பார்த்தால், பழத்தின் தரத்தைச் சொல்லும் வேலையைப் படம் செய்யவே இல்லை என்பது விளங்கும். மறக்க முடியாத முகம் ஒன்றைத் தருவதோடு அதன் வேலை முடிந்தது. தரத்தைச் சொல்வது பெட்டிக்குள் இருக்கும் பழத்தின் பொறுப்பு.

தோப்புக் காட்சிகளோ இன்னொன்றையும் விற்றன. கிளேர்மான்ட், அப்லண்ட், ரிவர்சைடு வட்டார லேபிள்களில் முன்னால் பழுத்த ஆரஞ்சு, நடுவில் ஒழுங்கான மரவரிசை, பின்னால் பனி மலை என்ற அமைப்பு திரும்பத் திரும்ப வரும். மலையும் தோப்பும் உண்மையிலேயே அருகருகே இருந்தன என்பதால் அது முழுக் கற்பனை அன்று. ஆனால் பனியில் நடுங்கும் நியூயார்க் வியாபாரியின் கண்ணுக்கு அது ஓர் அழைப்பாகவே தெரிந்தது. கலிஃபோர்னியாவுக்குக் குடியேற ஆட்களை ஈர்த்த ரயில் நிறுவனங்களின் விளம்பரங்களும் நிலம் விற்போரின் சுவரொட்டிகளும் இதே காட்சியைக் காட்டின.

படத்தில் எவை இல்லை என்பதையும் பாருங்கள். தோப்புகளில் பழம் பறித்தவர்கள் சீனர்கள், ஜப்பானியர்கள், மெக்சிகோ நாட்டவர்கள், ஃபிலிப்பினோக்கள். கூடங்களில் பழத்தைத் தாளில் சுற்றி அடுக்கியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். லேபிள்களில் ஏணிமேல் நின்று வியர்வை சிந்தும் உடலை மிக அரிதாகவே காண முடியும். மெக்சிகோ நாட்டவர் படத்தில் வரும்போது பூச்சூடி விசிறியோடு நிற்கும் ஸ்பானியச் சீமாட்டியாகவே வருகிறார். 1936-இல் தென் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு என்னும் பெயர் கொண்ட மாவட்டத்தில் பழம் பறிக்கும் மெக்சிகோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அது வன்முறையால் ஒடுக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் அச்சான லேபிள்களில் தோப்புகள் ஆள் நடமாட்டம் இல்லாமல் அமைதியாகக் கிடக்கின்றன. கறுப்பின மக்களையும் அமெரிக்கப் பழங்குடியினரையும் கேலிச்சித்திரமாகவோ சின்னமாகவோ சுருக்கிய லேபிள்களும் பலவுண்டு. வெனாச்சியின் ஸ்கூக்கும் ஆப்பிள் லேபிளில் உள்ள பழங்குடி முகம் அவ்வகையில் மிகவும் அறிமுகமானது. இவற்றைச் சேகரிப்பவர்கள் அவற்றை அலங்காரமாக மாட்டாமல், என்ன படம், எதற்காக என்ற விளக்கக் குறிப்போடு ஆவணமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் படி: மையையும் காகிதத்தையும் சோதித்தல்

இதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் போதும். தபால்தலை சேகரிப்போர் பயன்படுத்துவதே நல்லது. தொடக்க கால லேபிள்கள் கல்லச்சில் அடிக்கப்பட்டவை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, அதன்மேல் மை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும், ஈரமான இடம் தள்ளிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வேண்டும். ஆறு, எட்டு நிறங்கள் என்றால் அத்தனை முறை தாள் அச்சு இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும். பின்னாளில் கல்லின் இடத்தைத் துத்தநாகத் தகடும், அதன்பின் ஆஃப்செட் அச்சும் பிடித்தன.

ஒரு பழைய லேபிளில் உள்ள பெண்ணின் கன்னத்தை லென்ஸில் பாருங்கள். தட்டையான வெளிர் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பின் மேல், ஒருவர் கையால் ஒவ்வொன்றாக வைத்த சிவப்புப் புள்ளிகள் கன்னத்தின் நடுவில் நெருங்கியும் ஓரத்தில் விலகியும் கிடக்கும். புள்ளிகளின் அளவு ஒன்றுபோல் இராது, வரிசையும் இராது. இப்போது அதே லேபிளின் நீலப் பின்னணிக்கு லென்ஸை நகர்த்துங்கள். அசலில் அது நீல மை ஒன்றே இடைவெளியின்றிப் பரவிய பரப்பாக இருக்கும். எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருக்கும். இன்றைய மறுஅச்சில் அந்த நீலமே பச்சை கலந்த நீலப் புள்ளிகளும் ஊதாச் சிவப்புப் புள்ளிகளும் சேர்ந்து உருவான நிறமாகக் கலைந்து தெரியும். எழுத்தின் விளிம்பிலும் புள்ளிகள் சிதறியிருக்கும். கணினி அச்சுப்பொறியில் எடுத்தது என்றால் ஒழுங்கற்ற தூறல் போன்ற மைத்துளிகள் தென்படும். 1930-களுக்குப் பிந்திய அசல்களிலேயே புகைப்பட முறையில் வந்த ஒழுங்கான புள்ளிகள் இருக்கலாம் என்பதால், புள்ளியைக் கண்டதும் போலி என்று ஒதுக்க வேண்டாம். முடிவெடுக்க உதவுவது தட்டையான பின்னணியும் எழுத்தின் விளிம்பும்தான்.

கடைகளில் கள்ளநோட்டைக் கண்டறிய வைத்திருக்கும் புற ஊதா விளக்கும் உதவும். தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்ப்புப் பொருள்கள் 1950-ஐ ஒட்டியே காகிதத் தொழிலில் பரவின. 1920-களது என்று சொல்லப்படும் லேபிள் அந்த விளக்கின் கீழ் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அதை வாங்காதீர்கள். முகவரியில் அமெரிக்காவின் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தாலும் அது 1963-க்குப் பிந்தியது. லேபிளின் பின்பக்கத்தையும் பாருங்கள். பழைய தாள் விளிம்பில் பழுப்பேறி, நடுவில் வெளிறியிருப்பது இயல்பு. தேநீரில் நனைத்ததுபோல் பரப்பு முழுவதும் ஒரே சீராகப் பழுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆறாம் படி: வாங்குதல்

1950-களின் நடுவில் அட்டைப்பெட்டி வந்து, பெயரை அதன்மேலேயே அச்சிடத் தொடங்கியதும் மரப்பெட்டிக்கும் லேபிளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஒட்டப்படாத லேபிள்கள் கட்டுக் கட்டாகக் கூடங்களிலும் அச்சகங்களிலும் கிடந்தன. அதனால்தான் எழுபது, எண்பது ஆண்டுப் பழைய லேபிள்கூடப் புத்தம் புதிதாகக் கிடைக்கிறது. பலவற்றின் விலை இன்னும் சில டாலர்களே. புதிது போல இருக்கிறதே என்று அஞ்சத் தேவையில்லை. விலையைத் தீர்மானிப்பது முதன்மையாக எத்தனை பிரதிகள் மிஞ்சின என்பதே. படம் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது அடுத்தது.

தொடக்கத்தில் ஓர் ஊரையோ ஒரு பொருளையோ தேர்ந்துகொள்ளுங்கள். ரயில் வரும் லேபிள்கள், பறவைகள், ஒரே கூடத்தின் எல்லாத் தரங்கள் என எதுவும் ஆகலாம். விற்பவரிடம் முன்பக்கம், பின்பக்கம், ஓரத்து எழுத்து ஆகியவற்றின் தெளிவான படங்களையும், துல்லியமான அளவையும் கேளுங்கள். மறுஅச்சுகள் பெரும்பாலும் அளவில் சற்றே சிறுத்தோ பெருத்தோ இருக்கும். எலுமிச்சை லேபிள்கள் ஆரஞ்சு லேபிளைவிட அகலமானவை, திராட்சை லேபிள்கள் நீண்டு ஒடுங்கியவை, ஃப்ளோரிடா ஆரஞ்சு லேபிள்கள் பல 9 அங்குலச் சதுரம். பெட்டிப் பலகையிலேயே ஒட்டியிருக்கும் லேபிள் கிடைத்தால் அதைப் பிரித்தெடுக்காதீர்கள். பலகையில் குத்தியிருக்கும் 150, 176, 200 போன்ற எண்கள் பெட்டியில் எத்தனை பழம் இருந்தது என்பதைச் சொல்லும். லேபிளைத் தனியே எடுத்தால் அந்தச் செய்தி போய்விடும்.

ஏழாம் படி: நம் ஊர்த் தட்பவெப்பத்தில் பாதுகாத்தல்

சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரப்பதமும் இராமபாணப் பூச்சியும் காகிதத்துக்குப் பகை. லேமினேஷன் செய்வதை எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள். சூடும் பசையும் தாளுக்குள் இறங்கிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. அமிலமற்ற அட்டையின் மேல் லேபிளை வைத்து, தெளிவான பாலியெஸ்டர் உறையில் இட்டு, படுக்கை வாட்டில் வையுங்கள். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து மையைப் பிடுங்கிக்கொள்ளும். செலோடேப், ஸ்டேப்ளர் முள் இரண்டும் கூடாது. சுவரில் மாட்டுவதாக இருந்தால் கண்ணாடி லேபிளைத் தொடாதபடி நடுவே அட்டைச் சட்டம் வைத்து, வெயில் படாத சுவராகத் தேர்ந்தெடுங்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். சுண்ணாம்புச் சுவரில் மழைக்காலத்தில் ஈரம் ஊறும் என்றால், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று போக இடம் விட வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அது நிறம் மாறியதும் மாற்றுங்கள். அந்துருண்டையை லேபிளுக்கு அருகில் வைக்க வேண்டாம். மாதம் ஒருமுறையாவது திறந்து பார்ப்பது பூச்சிக்கு எதிரான சிறந்த மருந்து.

ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு தனித் தாளில் வணிகப் பெயர், ஊர், கூடத்தின் பெயர், அச்சகம், அளவு, கூட்டுறவு முத்திரை, நீங்கள் கணித்த காலம், அந்தக் கணிப்புக்கான காரணம், வாங்கிய இடம், விலை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உறைக்குப் பின்னால் வையுங்கள். லேபிளின் பின்பக்கத்தில் பென்சிலாலும் எழுதாதீர்கள். காலக் கணிப்பை முடிந்த முடிவாக எழுதாமல், திருத்துவதற்கு இடம் விட்டு எழுதுங்கள். ஒரே வணிகப் பெயரின் இன்னொரு பதிப்பு கிடைக்கும்போது முந்தைய கணிப்பு பத்தாண்டுகள் முன்னோ பின்னோ நகர்வது இத்துறையில் சாதாரணமாக நடப்பது.